சீனி தின்ற விரல்கள்

பத்தாவியாவிலிருந்து ஒல்லாந்தர் கப்பலில் வந்த சீனியை மகள் என் கையில் ஒரு சிட்டிகை வைத்தாள். அந்தக் கரும்பு வாசனையில் நான் சிறுமியாகிவிட்டேன்.

அன்று கப்பலில் மூட்டை இறக்கிய மாமா கொஞ்சம் சீனி தந்தார். பங்கு கிடைக்காத அத்தை, "சீனி துன்னா ஒல்லாந்தர் கோட்டைத் தொரசானியாட்டம் தோலு சுருங்கிப்பூடும்" என்றாள்.

மறுநாள் அம்மாவோடு முதன்முறையாக ஏரியில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடித்தேன். கரையேறினால் விரல்நுனியெல்லாம் சுருக்கம்! கிழவியாகிவிட்டேன் என்று ஓவென்று அழுதேன்.

விஷயம் கேட்ட அம்மா தன் விரல்களைக் காட்டினாள்.

"எனக்குந்தான் சுருங்கிக்கீது. நான் சீனிய நாக்குலகூட வெச்சதில்லியே! தண்ணில ஊறுனது, காய்ஞ்சா பூடும்."

காய்ந்ததும் போய்விட்டது. எனக்கு உயிர் வந்தது.

இப்போதைய சுருக்கம் காய்ந்தாலும் போகாது. போகாவிட்டால் போகட்டும்.

"எங்கம்மா பங்கையும் குடுடி" என்று மகளிடம் கை நீட்டினேன்.