நான் சொல்லாமல் விட்ட ‘பாரோ’

என் தாய்மாமனைத் திருடன் ஆக்கியவன் நான். தெரியாமல் செய்யவில்லை. சரியான சொல் வாயில் இருந்தது, வேறொன்றைச் சொன்னேன்.

‘பாரோ’ என்ற ஆங்கில வினையை அந்த வாரம்தான் சிரம்பான் பள்ளியில் படித்திருந்தோம். ஒருவரிடம் கேட்டு வாங்கி, பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தருவது என்றார் வாத்தியார். குடையைப் பாரோ செய்யலாம். சோற்றைப் பாரோ செய்ய முடியாது, அது திரும்பி வராது என்றும் சொன்னார். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ‘கேட்டு’ என்ற பகுதி மட்டும் கிடையாது. ஏணியோ சைக்கிளோ, தேவைப்பட்டவர் எடுத்துப் போவார்; பிறகு அது இருந்த இடத்துக்கு வந்துவிடும். மாரியம்மன் திருவிழா என்றால் ஸ்டோரில் தொங்கும் கேஸ் விளக்கும் அப்படித்தான் கோயிலுக்குப் போகும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள்கள் கூடுவதற்குள் ஆணிக்குத் திரும்பிவிடும். தோட்டத்து மேனேஜராக இருந்த பழைய துரைக்கு இது தெரியும்.

அந்த வருடம் விளக்கை எடுத்தவர் மாமா. திருப்பி மாட்டும்போது புதுத் துரை பார்த்துவிட்டார். அவருக்குத் தமிழும் வராது, மலாயும் வராது. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி லீவில் இருந்ததால், ஆங்கிலம் படிக்கிற பையன் என்று என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

முந்தின நாள்தான் தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் மாமா என்னைக் கிண்டல் செய்திருந்தார். “என்னா சின்னத்தொர, கோழிகிட்டயும் இங்கிலீசுதானா? பயந்துகிட்டு முட்ட போடாது லா.” பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஆபீஸ் வரைக்கும் என்னோடு வந்தது.

“திருவிழாவுக்கு எரவல் எடுத்தேன்னு சொல்லுடா. எப்பவும் எடுக்கறதுதான்னு சொல்லு” என்றார் மாமா.

திருடியதை ஒப்புக்கொள்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். துரை இன்னொரு முறை கேட்டார். ஆமாம் என்றேன். நான் தடுமாறாமல் பேசியதில் பெருமைப்பட்டு மாமா என் தலையைத் தடவினார்.

ஒரு திட்டு வாங்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வேலையே போனது. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். மறுநாள் மாமாவும் அத்தையும் சட்டி பானைகளோடு லாரியில் ரெம்பாவுக்குப் போனார்கள்.

நான் ஆங்கில ஆசிரியராகி, ஓய்வும் பெற்றேன். மாமா இருந்தவரை எனக்குத் துணிவு வரவில்லை. அவருடைய கருமாதி முடிந்த பிறகு ரஹாங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரில் ரெம்பா போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்து ஆள்களில் மிச்சமிருப்பவர்களைப் பார்த்து மாமா மேல் குற்றமில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அத்தை தேநீரை ஆற்றிக்கொண்டே பேசினார்.

“எல்லாருந்தான் வெளக்கு எடுத்தாங்க, ஒங்கள மட்டும் ஏன் நிறுத்துனான், வேற என்னா எடுத்தீங்கன்னு அவருகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன்டா. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பகூட கேட்டேன். ஒண்ணும் எடுக்கலன்னுதான் சொன்னாரு. நான் நம்பல.”

ஆபீசில் சொன்னது ஆபீசோடு நின்றுவிடும் என்று அந்தப் பையன் நினைத்திருந்தான். அது லாரியில் ஏறிப் போய் ஒரு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் குடியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு அத்தை சொன்னார்: “நீ எங்கிட்ட வந்து எறக்கி வச்சிட்ட. நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?”