பின்சுவர்த் துவாரம்

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் வழியில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. நான் சங்கச் செயலாளர். தலைவர், மூன்றாம் மாடியில் சாலையைப் பார்த்த வீட்டுக்காரர்; பெரிய நிறுவனம் ஒன்றில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. மாதக்கணக்கில் நின்றுகிடந்த லிஃப்டை ஓட வைத்தது அவர்தான். அவரால் முடியாதது ஒன்றுதான்: ஒரு கேள்வியைக் கேள்வியாக எடுத்துக்கொள்வது.

"சார், பெயிண்ட் கொஞ்சம் டார்க்கா இல்ல?" என்று யாராவது கேட்டால், "அப்ப நீங்களே பிரசிடெண்டா இருங்க. நான் ரிசைன் பண்ணிடறேன்" என்பார். ஒன்றிரண்டு முறை சமாதானம் செய்தோம். பிறகு கேட்பதை விட்டுவிட்டோம். பொருளாளர் விலகிக்கொண்டார். கடைசியாக நடந்த சங்கக் கூட்டத்தில், மொட்டை மாடியில் விரித்துப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே அவரும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று அதற்குள் மாற்றியிருந்தார். அட்மின் அவர் ஒருவர்தான்.

அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகத் தார் போட்டார்கள். எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. மழைக்கு முன்பு தலைவர் குழுவில் அறிவித்தார்: கேட்டருகே சிமெண்ட் மேடு எழுப்பப்படும், பின்சுவரின் அடியில் உள்ள துவாரம் அடைக்கப்படும். பின்னாலிருக்கும் காலி மனையிலிருந்து அந்த வழியாக ஒரு பாம்பு வந்தது உண்மைதான். ஆனால் மொட்டை மாடியில் விழும் மழைநீர் முழுவதும் வெளியேறுவதும் அதே வழியாகத்தான். முன்னால் மேடு, பின்னால் அடைப்பு என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

இதை முதலில் கேட்டவர் தரைத்தளத்தில் பின்பக்க வீட்டில் இருந்த டீச்சர். அவர் கணவருக்குப் பக்கவாதம். படுக்கையை விட்டுத் தானாக எழ முடியாது. முன்பொரு மழையில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோதே, இன்னொரு முறை வந்தால் தன்னோடு அழைத்துப் போய்விடுவேன் என்று காட்டாங்குளத்தூரில் இருக்கும் மகள் சொல்லிவிட்டாள். கணவருக்கோ போக விருப்பமில்லை. தினமும் மாலையில் பழைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் வருவார்கள். கட்டிலருகே உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படித்து அவரோடு சண்டை போடுவார்கள். அதற்காகவே அவர் காலையில் ஷேவ் செய்துவிடச் சொல்வாராம்.

"அந்த ஓட்டைய மட்டும் விட்டுடச் சொல்லுங்க சார். கம்பி வலை போட்டா பாம்பு வராது. இந்த வயசுல அவர வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போறது..." என்றார் டீச்சர்.

போனேன். தலைவர் கிரில் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பேசினார்.

"யாரு அனுப்பினா? டீச்சரா? அவங்கள ஏத்தி விடறது பழைய டிரஷரர். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"யாரும் ஏத்தி விடல சார். ஒரு வலை போட்டுட்டா..."

"குரூப்ல போட்டு எத்தன நாளாச்சு? ஒருத்தராவது அப்ஜெக்ட் பண்ணாங்களா?"

"குரூப்ல யாரும் எழுத முடியாது சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். யாருக்கும் அப்ஜெக்‌ஷன் இல்ல."

கதவு சாத்தப்பட்டது. அதே வாரத்தில் துவாரமும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. குழுவில் தலைவரின் படம் வந்தது, அவர் பால்கனியிலிருந்து எடுத்தது. 'மேடு தாங்குகிறது. சாலைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.' அதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் படம் வந்தபோது டீச்சர் வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்கு மாடித் தண்ணீர் நின்றது. டீச்சர் எடுத்த படத்தைக் குழுவில் போட வழியில்லை. தலைவரை அழைத்தார், அழைப்பு துண்டிக்கப்பட்டது. நான் மூன்று மாடி ஏறி மணியடித்தேன். "மெசேஜ் போட்டிருக்கேனே, பாக்கலியா?" என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. டீச்சர் வீட்டுக்குள் தண்ணீர் என்று கத்தினேன். உள்ளே டிவியின் சத்தம்தான் கூடியது.

இறங்கி வந்தபோது பழைய பொருளாளர் கடப்பாறையோடு நின்றார். இருவருமாக அடைப்பை உடைத்தோம். தண்ணீர் சுழித்துக்கொண்டு வெளியேறியது. ஆனால் அதற்குள் மெத்தை நனைந்துவிட்டது. டீச்சரின் கணவரை நாற்காலியோடு தூக்கி, முதல் மாடியில் இருக்கும் என் வீட்டில் படுக்க வைத்தோம். அவர் சுவரைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை மகள் காரோடு வந்துவிட்டாள். புது மேட்டைத் தாண்டிக் கார் உள்ளே வராது, அடி தட்டும் என்றார் டிரைவர். சக்கர நாற்காலியை நாங்களே தெருவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மேட்டின் சரிவில் அது ஏறவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

"மேடு நல்லாத்தான் தாங்குது சார்" என்றார் பழைய பொருளாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

நாற்காலியில் இருந்தவர் என் கையைத் தொட்டார். வாய் கோணிக் குழறினாலும் வார்த்தைகள் புரிந்தன. "சாயங்காலம் அவனுங்க வருவானுங்க. சொல்லிடுங்க."

அப்போது மேலே பால்கனிக் கதவு திறந்தது. தலைவர் கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார். நனைந்த மெத்தை, சக்கர நாற்காலி, கார் எல்லாவற்றையும் பார்த்தார்.

"பின்னாடி தண்ணி வந்துதா? ஏன் சார், ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லல?"

குத்தலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். குரலில் வருத்தம்கூட இருந்தது. நாற்காலி இன்னும் எங்கள் கைகளில்தான் இருந்தது. மேட்டின் அந்தப் பக்கம், சாலையில், மெதுவாக இறக்கி வைத்தோம்.