ஒன்றரை மூட்டை

போலகம் மாரிக்கண்ணுவுக்கு ஒரே மகன் சுப்ராயன். அவன் பெண்டாட்டி அல்லி, அம்பகரத்தூரில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் களத்தில் அரை மூட்டை நெல்லை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அலட்சியமாக நடந்தவள்தான். மகள் முத்தமிழ் பிறந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆனபிறகு, "இனிமே கனம் தூக்காத, கர்ப்பப்பை எறங்கிடும்" என்று ஊரே சொல்லிற்று. ஒரு மாதத்துக்குச் சொன்னார்களோ, ஆறு மாதத்துக்குச் சொன்னார்களோ, அல்லி பதிமூன்று வருஷம் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டாள். தண்ணீர்க் குடத்தைக்கூட சுப்ராயன்தான் தூக்கி வைப்பான். பாசம்தான், இல்லையென்று யார் சொல்ல முடியும்? ஆனால் பஸ் படியில் ஏறும்போதும் அவள் கை ஒன்று தானாக அடிவயிற்றுக்குப் போய்விடும்.

போன வருஷம் ஐப்பசியில் மாரிக்கண்ணு குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வீட்டில் அல்லி மட்டும். மாமியாரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தாள். வயிறு ஞாபகம் வந்தது. விட்டுவிட்டாள். தெருவில் போன இரண்டு ஆண்களைக் கூப்பிட்டாள். அவர்கள் வந்து, ஈரத்துணி விலகிக் கிடந்த மாரிக்கண்ணுவைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் நாலு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள், "ஏண்டி, ஒனக்குக் கை இல்லையா?" என்றாள்.

அந்த ஒரு கேள்விதான் அல்லியைக் காரைக்காலில் நஜீபா நடத்தும் பெண்கள் ஜிம்முக்கு பஸ் ஏற வைத்தது. நஜீபா முதலில் ஒரு லேடி டாக்டரிடம் அனுப்பினாள். "தையல் ஆறிப் பதிமூணு வருஷம் ஆச்சும்மா. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தித் தாராளமா தூக்குங்க" என்றார் டாக்டர். வெறும் கம்பியில் ஆரம்பித்தாள். எட்டாம் மாதம் மாமியாரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். "மெல்லடி, நெல்லு மூட்டையா நானு?" என்று மாரிக்கண்ணு கத்தினாலும் முகத்தில் சிரிப்பு இருந்தது. பத்தாம் மாதம், தரையில் கிடக்கும் கம்பியை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கும் பயிற்சியில் நூறு கிலோவைத் தொட்டாள். ஒரே ஒரு தடவை.

முத்தமிழும் வருவேன் என்று அடம்பிடித்தபோதுதான் சுப்ராயன் குறுக்கே நின்றான்.

"ஒன் வயித்தத்தான் பணயம் வெச்சிருக்க. பொட்டப்புள்ள வயித்தையும் கெடுக்காத."

"டாக்டரே சொல்லிட்டாங்களேங்க."

"டாக்டரா வந்து நாளைக்கு நிப்பாங்க? ஏதோ மாவட்டப் போட்டிங்கிறியே, அங்க நாலு பேரு முன்னாடி ஒரு தடவை ஒழுங்காத் தூக்கிக் காட்டு. புள்ள வரட்டும். தூக்கலன்னா ஆத்தாளும் மகளும் நிறுத்திடணும்."

அல்லி தலையாட்டினாள். போட்டியில் தொண்ணூறு கிலோ எழுதிக் கொடுப்பதென்று நஜீபாவோடு பேசி வைத்திருந்தாள். நூறு தூக்கியவளுக்குத் தொண்ணூறு என்ன பெரிய காரியம்?

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பெயர் பதியும் மேசையில் உட்கார்ந்திருந்தவர் தங்கப்பன். சுப்ராயனின் பெரிய அத்தை மகன். அல்லிக்கு அண்ணன் முறை. பிறந்ததிலிருந்தே அப்பாவின் அரிசி மண்டியில் வளர்ந்தவர்.

"என்ன தங்கச்சி, எத்தினி தூக்கப் போற? குடமா, குண்டானா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அல்லிக்குச் சுருக்கென்றது. "ஒண்ணரை மூட்டைன்னு எழுதுங்கண்ணே" என்றாள் மிடுக்காக. அவர் எழுதினார். அவள் குனிந்து பார்க்கவில்லை.

எழுதிக் கொடுத்த எடையைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம்; அதற்கப்புறம் ஏற்றலாம், இறக்க முடியாது. மூன்று வாய்ப்பு. மாற்றுவதற்கான நேரம் முடிந்து, பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது நஜீபா ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, நூத்திப் பன்னெண்டரைன்னு போட்டிருக்கு!"

தங்கப்பன் எழுந்து நின்றார். "ஒண்ணரை மூட்டைன்னு அதுதானேம்மா சொல்லிச்சு? எழுபத்தஞ்சும் பாதியும் அவ்வளவுதானே வருது?"

"நெல்லு மூட்டைண்ணே! அறுவது கிலோ!" என்றாள் அல்லி.

"அடக் கடவுளே. எங்க மண்டியில மூட்டைன்னா எழுபத்தஞ்சு கிலோ அரிசிதானே தங்கச்சி!"

அவர் நடுவரிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தார். நடுவர் கடிகாரத்தைக் காட்டினார்.

நஜீபா அல்லியைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள். "வயித்து வலின்னு சொல்லி ஒதுங்கிடுங்கக்கா. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

அல்லி மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். சுப்ராயன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் முத்தமிழ்.

"வேற எந்த நோவு வேணும்னாலும் சொல்றேன் நஜீபா. வயிறுன்னு மட்டும் என் வாயால வராது."

பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் தடவை குனிந்து பிடித்து இழுத்தாள். கம்பி தரையில் முளைத்ததுபோல் கிடந்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். தன் பயம்தான் முதலில் இழுத்தது, கை பிறகுதான் இழுத்தது என்று அவளுக்கே தெரிந்தது.

இரண்டாம் தடவை மூச்சை அடிவயிற்றில் இறக்கி, பல்லைக் கடித்து, காலால் தரையை மிதித்தாள். கம்பி எழுந்தது! முழங்கால்வரை வந்தது. விரல்கள் வழுக்கின. டமாரென்று விழுந்த சத்தத்தில் சுப்ராயன் எழுந்தே விட்டான்.

கடைசித் தடவைக்கு முன் கையில் சாக்பீஸ் பொடியை அப்பிக்கொண்டாள். குனிந்தாள், பிடித்தாள். கம்பி முழங்காலைத் தாண்டியது. தொடையில் பாதி. கழுத்து நரம்பு புடைக்க நின்றாள், உடம்பு உதறியது, இன்னும் நாலு விரற்கடை நிமிர்ந்தால் போதும். அந்த நாலு விரற்கடை வரவில்லை. இந்த முறை கம்பியை விழ விடாமல், மெதுவாகவே கீழே வைத்தாள். நடுவர்கள் மூன்று பேரும், தூக்கவில்லை என்று சிவப்புக் கொடி காட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் சுப்ராயன் மகளோடு வேர்த்து விறுவிறுத்து வந்தான். "வயிறு?"

"வயித்துக்கு ஒண்ணும் இல்ல."

"நெசமாவா?"

"நெசமா. கைதான் எரியுது."

அவன் மூச்சு அப்போதுதான் இறங்கியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "சரி. பேசின பேச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

தங்கப்பன் இடையில் புகுந்து, "மாப்ள, எல்லாம் என் தப்புய்யா" என்றார். அல்லி கையமர்த்தினாள்.

"அண்ணன் மேல பழியப் போட்டுத் தப்பிக்கல நான். தூக்கல, ஒத்துக்கிறேன். ஆனா பேசினது நீங்க. யோசிக்காமத் தலையாட்டினது நான். தலையாட்டினதுதான் தப்பு. நான் ஜிம்முக்குப் போவேங்க. முத்தமிழும் வருவா. அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, அதனால நாளையிலேருந்து காலையில அஞ்சரைக்கே போவோம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் கேட்காமல் சொன்னது அதுதான் முதல் தடவை. சுப்ராயன் அவளைப் பார்த்தான், மேடையில் கிடந்த கம்பியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். முத்தமிழ் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளியவில்லை; நேராகவே நின்றாள்.

"அஞ்சரைக்குப் போலகத்துலேருந்து பஸ் ஏதுடி?" என்றான் கடைசியில்.

"ஒங்க வண்டி எதுக்கு இருக்கு?" என்றாள் அல்லி.