சைக்கிள் மிதித்துப் பதிந்த ஆர்மோனியம்

வெளிநாட்டில் ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை செய்யும் நிரோ என்ற பிள்ளை, தட்டில் ஏறப்போகிற ஒலியை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கிளிநொச்சியில் என் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு கேட்டேன். முதல் உருப்படி முடியுமுன்னரே எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முன்னொரு காலத்தில் நான் பதிந்த ஜெசிந்தா ரீச்சரின் ஆர்மோனியம் அதில் இருந்தது, ஆனால் அவர் செய்த வேலை இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அச்சடிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று கூடவே ஒரு குரல் செய்தியும் இருந்தது.

றேடியோவில் தொடங்கி, கசற் றெக்கோர்டர், ரீவி, போன் என்று ஆயுள் முழுவதும் திருத்துவேலை செய்தவன் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. டைனமோ

போர் நடந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் மல்லாவியில் எனக்கு ஒரு றெக்கோர்டிங் கடை இருந்தது. மின்சாரம் கிடையாது, பற்றரியும் வராது. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி மிதித்து, டைனமோவில் வரும் கரண்டை டயோட் வழியாக றெக்கோர்டருக்குக் கொடுப்பேன். மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எரிந்துபோயிருந்தது. மாற்றச் சாமான் இல்லாததால் நேரடியாகவே வயர் கொடுத்திருந்தேன். அதனால் என் காலின் வேகம்தான் நாடாவின் வேகம். ஒரே சீராக மிதிப்பவன் என்று ஊரில் எனக்குப் பெயர் இருந்தது, அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஜெசிந்தா ரீச்சர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். தானே கட்டிய ஒரு மெட்டைப் பதிய வேண்டும் என்று வந்தார். அன்றைக்கு நல்ல வெயில், நடுவில் எனக்குக் கால் சோர்ந்துவிட்டது. பதியும்போது நாடா மெதுவாக ஓடினால், பிறகு சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறும். போட்டுப் பார்த்தால், ஆர்மோனியம் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு ஏறியது. ஆர்மோனியத்தில் கட்டைக்கு ஒரு சுரம்தான், வழுக்க வழியே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதை அழித்துவிட்டுத் திரும்பப் பதிவோம் என்று கையை நீட்டினேன்.

"பொறுங்கோ. இன்னொருக்காப் போட்டுக் கேளுங்கோ" என்றார் ரீச்சர்.

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஆர்மோனியத்தில சுரம் வளையாது எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை. இது வளையுது. நான் தலையாட்டேக்க மெதுவா மிதிப்பியளே?"

அதன்பிறகு மாதக்கணக்கில் அதுதான் வேலை. சுரங்களுக்கு மேலே வளைகோடு கீறிய கொப்பி ஒன்றை ரீச்சர் வைத்திருந்தார். அவர் தலையைக் குனிந்து நாடியை இறக்கினால் நான் மெதுவாக மிதிக்க வேண்டும், உயர்த்தினால் வேகமாக. ஆறு உருப்படிகள் பதிந்தோம். ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை, பேய்ப்பாட்டு என்றார்கள். ஆனாலும் நாலைந்து கசற்றில் பிரதி எடுத்துக் கடை முத்திரை குத்திக் கொடுத்தேன். அதில் ஒன்று எப்படியோ கடல் கடந்து நிரோவின் கையில் கிடைத்திருக்கிறது. முத்திரையை வைத்துத்தான் என்னைத் தேடிப் பிடித்தாள்.

2. 'மீட்கப்பட்டது'

உடனே நிரோவுக்குப் போன் எடுத்தேன். வேகம் பிழையாக இருந்ததாம், அவர்களுடைய இஞ்சினியர் இரண்டு கிழமை இருந்து கணினியில் நேராக்கினாராம். பெருமையாகச் சொன்னாள். உறையில் போடப்போகும் குறிப்பையும் வாசித்துக் காட்டினாள்: போர்க்காலத்தில் பழுதான கருவியில் பதியப்பட்டு, நவீன தொழில்நுட்பத்தால் மீட்கப்பட்டது.

எதை மீட்டார்கள்? இருந்ததையும் அல்லவா துடைத்தெறிந்திருந்தார்கள்!

"அப்பிடியே விட்டா, தட்டுப் பழுது எண்டு வாங்கின ஆக்கள் திருப்பி அனுப்புவினம், அங்கிள்" என்றாள்.

"ஒருத்தரும் கேட்டிராத இசை எண்டு சொல்லித்தானே பிள்ளை விக்கப்போறியள்? அதை அழிச்சுப்போட்டுப் பிறகு என்னத்தை விக்கிறியள்?"

சத்தம் போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அது என் பிழை. சத்தம் போட்டால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. வறிய நாட்டில் வித்தியாசமான சத்தம் வந்தால் அது பழுதாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

3. கோயிலில்

வியாழக்கிழமை காலை பஸ் ஏறி, ரீச்சர் திரும்பிப் போய்க் குடியிருக்கும் முல்லைத்தீவுக்குப் போனேன். அவருடைய வளைகோட்டுக் கொப்பி, சொந்த ஆர்மோனியம் எல்லாம் போரின் கடைசி இடப்பெயர்வில் போய்விட்டன. இசையென்று ரீச்சருக்கு மிஞ்சியது அந்த ஆறு உருப்படிகள்தான். இஞ்சினியர் நேராக்கிய ஒலியை என் போனில் ரீச்சர் முழுதாகக் கேட்டார். முகம் சிறுத்துப்போனது.

"இது நானில்லை" என்றார்.

நான் நிரோவைத் திட்டத் தொடங்கினேன். ரீச்சர் கையைக் காட்டி நிற்பாட்டினார். "அந்தப் பிள்ளையை ஏன் பேசுறியள்? நீங்களும் அண்டைக்கு அழிக்கத்தானே வெளிக்கிட்டனீங்கள்."

சத்தம் போடாமல் அந்தப் பிள்ளைக்குச் செய்தே காட்டுவோம் என்றேன்.

ஃபாதரிடம் கேட்டுக் கோயில் ஆர்மோனியத்தை முற்றத்துக்கு எடுத்தோம். பழைய றெக்கோர்டரை நான் கொண்டுபோயிருந்தேன், டைனமோவுள்ள சைக்கிள் ஒன்று பக்கத்து வீட்டில் கிடைத்தது. நிரோவை வீடியோவில் கூப்பிட்டு, பேசாமல் பார்க்கச் சொன்னோம். ரீச்சர் ஒரே ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு நாடியை இறக்கினார். முழங்கால் நோக நோக மிதியைக் குறைத்தேன். பிறகு சீராக மிதித்து, பதிந்ததைப் போட்டுக் காட்டினேன். சுரம் வளைந்து ஏறியது.

"பழுதெண்டு நினைச்சிட்டம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்" என்றாள் நிரோ. அன்றைக்கே அச்சை நிற்பாட்டி, கசற்றில் இருந்தபடியே தட்டில் ஏற்றச் சொல்லிவிட்டாள். உறைக் குறிப்பையும் மாற்றினார்கள்: ஆர்மோனியம் ஜெசிந்தா, சைக்கிள் நான். என் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

திருத்துவேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். புரியாத சத்தம் கேட்டதும் ஸ்குரூட்றைவரை எடுக்காதீர்கள். அது பழுதா, ஒருவர் வேண்டுமென்று செய்ததா என்று முதலில் விசாரியுங்கள். செய்தவர் உயிரோடு இருந்தால் அவரையே கேளுங்கள்.

தட்டு வெளிவந்த பிறகு, வாங்கிய ஒருவர் தட்டுப் பழுது என்று எழுதியிருந்தாராம். என்ன பதில் போடுவது என்று நிரோ கேட்டிருந்தாள். ரீச்சரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"இன்னொருக்காப் போட்டுக் கேக்கச் சொல்லுங்கோ."