ஏறாவூருக்கு அடுத்த தரிப்பிடம் பரமேஸ்வரி

பேச வைப்பதுதான் என் தொழில். ஆனால் என் அறைக்குள் வருகிறவர்களில், பேச்சு வராத அந்த நோயாளியைத் தவிர மற்ற எல்லாரும் ஓயாமல் பேசுவார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சின்னச் சிகிச்சை நிலையம். அதில் நான் பேச்சுச் சிகிச்சையாளர். பேசப் பிந்தும் பிள்ளைகள், திக்குவாய்க்காரர், பாரிசவாதம் வந்து பேச்சை இழந்த பெரியவர்கள், தண்ணீர் குடித்தால் புரைக்கேறுகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். பக்கத்து அறை நஸ்ரினுடையது. அவள் காத்தான்குடிக்காரி. பொத்தான் பூட்டுவது, சோறு பிசைவது, தேநீர் போடுவது என்று அன்றாட வேலைகளுக்குக் கை கால்களைத் திரும்பப் பழக்குவது அவள் பொறுப்பு. அவள் கதவில் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, வேலை கேட்டு வந்து நிற்கும் பட்டதாரிகளுக்குப் பதில் சொல்வதும் அவள் பொறுப்புத்தான்.

அழுகிற பிள்ளைக்குச் சோறு தீத்தியவர்களும், கை வழங்காத தகப்பனுக்குச் சட்டை மாட்டிவிட்டவர்களும் இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. நீங்களும் எங்கள் கட்சிதான்.

பிஸ்கட் டின்

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தாய் மூன்று வயது மகனைக் கூட்டி வந்தாள். பெடியனுக்குக் காது நன்றாகக் கேட்கும், சொன்னதெல்லாம் விளங்கும், ஆனால் ஒரு சொல் வாயிலிருந்து வராது. கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணைத் திருப்பினால் தண்ணீர் வந்தது. விரலை நீட்டினால் பிஸ்கட் வந்தது. இப்படி ஒரு ராச வாழ்க்கை கிடைத்தால் நானும்தான் பேசமாட்டேன்.

“பிஸ்கட் டின்னைக் கண்ணில் படுகிற, ஆனால் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ‘ஆ’ என்று ஒரு சத்தம் போட்டாலும் போதும், உடனே எடுத்துக் கொடுங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். இது எங்கள் தொழிலின் பழைய தந்திரம். புத்தகத்தில் படமும் இருக்கிறது. படத்தில் இருக்கிற பிள்ளை அமைதியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்.

அடுத்த கிழமை தாய் வந்தபோது முழங்கையில் பிளாஸ்திரி. பெடியனைப் பிடிக்கப்போய்க் கதிரையோடு தானும் விழுந்திருக்கிறாள். பேசுகிறானா என்று கேட்டேன்.

“பறையிறான் இல்ல மிஸ். ஆனா இப்ப அலுமாரியில ஏறி, அங்கிருந்து கூரை வளையில தாவப் பழகிற்றான்.”

கொண்டக்டர்

சித்தாண்டியைச் சேர்ந்த தம்பிராசா அண்ணன் வாழைச்சேனை – மட்டக்களப்பு பாதையில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். பாரிசவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. தண்ணீர்க் கோப்பையைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சொல் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போவது முகத்தில் தெரிந்தது. மனிதர் அழுதுவிட்டார்.

பேச்சு போனவர்களுக்கும் வாய்க்குப் பழகிப்போன சில சொல்வரிசைகள் எங்காவது ஒரு மூலையில் தப்பிக் கிடக்கும். அதைக் கிளறிப் பார்ப்போமே என்று, “அண்ணன், பஸ் வெளிக்கிடுது. கிரான்…” என்று தொடக்கிவிட்டேன். அவ்வளவுதான். “கிரான், சித்தாண்டி, மாவடிவேம்பு, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர்…” என்று ஒரே மூச்சில் டவுன் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். கடைசியில் “முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க” என்று என்னையும் மேசையோடு தள்ளி உட்கார வைத்தார். நான் கை தட்டினேன்.

அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா கை தட்டவில்லை. பஸ் நிற்கிற இடமெல்லாம் வாயில் வருகிறது, ஆனால் வீட்டில் அவளைக் கூப்பிட ஒரு சொல் வருவதில்லை. கட்டில் பலகையில் தட்டித்தான் கூப்பிடுகிறார். இரண்டு மாடு, நாலு ஆடு, ஒரு நோயாளி என்று நாள் முழுக்க ஓடுகிற பெண் அவள். அந்த வேலை அவளுக்குப் பாரமில்லை; அந்தத் தட்டுத்தான் பாரம். “ஒரிக்கா வாயால என்னக் கூப்பிட வையுங்க மிஸ், அது காணும்” என்றாள். பிறகு சீலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“ஒரு தட்டுத் தட்டினா நான் நிக்கணுமாம். ரெண்டு தட்டுத் தட்டினா போகணுமாம். நான் என்ன பஸ்ஸா மிஸ்?”

அரிசியில் கால்

சில பிள்ளைகளுக்கு மண், புல், சோறு எது பட்டாலும் உடம்பு கூசும். நஸ்ரின் அவர்களை மெல்ல மெல்லப் பழக்குவாள். பெரிய பேசின் நிறைய அரிசியைக் கொட்டி, அதற்குள் கையை விட்டு அளையச் சொல்லுவாள், பிறகு காலை வைக்கச் சொல்லுவாள். படித்த இடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். சொல்லிக் கொடுத்தவர்கள் வயல் பார்த்த ஆட்களாக இருக்கமாட்டார்கள்.

செங்கலடிப் பக்கமிருந்து வந்த ஒரு தாய், இன்னும் பேச்சு வராத மகளின் பாதம் அரிசியில் படப்போவதைக் கண்டதும் பாய்ந்து வந்து பிள்ளையைத் தூக்கிவிட்டாள். தூக்கியதோடு நிற்காமல், நிலத்தில் சிந்திக் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேசினில் போட்டு, அந்தப் பேசினைத் தொட்டுக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அவள் புருசன் வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவர். நஸ்ரின் சிகிச்சையின் பயன்களை அடுக்கிக்கொண்டே போனாள். தாய் தலையை ஆட்டியபடி கேட்டாள், பிள்ளையை மட்டும் இறக்கிவிடவில்லை.

அடுத்த கிழமை அவளே ஒரு உர பேக் நிறைய உமி கொண்டுவந்து வாசலில் இறக்கினாள். இப்போது அந்த அறைக்குள் எல்லாப் பிள்ளைகளும் உமியில்தான் கால் அளைகிறார்கள். எங்களுக்கு மூக்குத்தான் அரிக்கிறது. ஆனால் அந்த முதல் நாள் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னது என் காதைவிட்டுப் போகவில்லை:

“என்ட புள்ள பறையாட்டியும் பரவாயில்ல மிஸ். சோத்த மிதிச்சிற்றுப் பறைய வேணாம்.”

இல்லாத தரிப்பிடம்

பரமேஸ்வரி அக்காவின் ஆசையைத் தீர்த்துவைப்பது என்று நான் முடிவு கட்டினேன். அவளுடைய படம் ஒன்றை எடுத்துப் பெரிதாக்கி மேசையில் வைத்தேன். கீழே கொட்டை எழுத்தில் பெயர். “ப… ர… சொல்லுங்க அண்ணன், பர…” தம்பிராசா அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி வாவியைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. அக்காவைப் பார்த்தால், அவளும் சீலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்க்கிறாள். இரண்டு பேருக்கும் அக்கறை இல்லையே என்று எனக்குச் சரியான கோபம். கிழமைக்குக் கிழமை இதே கூத்து.

நேர்வழி சரிவரவில்லை என்றதும் குறுக்குவழியில் இறங்கினேன். பஸ் நன்றாக ஓடுகிறதே, அதில் அக்காவை ஏற்றிவிட்டால் என்ன? “வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர், பரமேஸ்வரி…” என்று சொல்லி, திரும்பச் சொல்லுங்கள் என்றேன். தம்பிராசா அண்ணன் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். பஸ் நின்றது. பாதை தெரியாத புதுச் சாரதியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு கிரானிலிருந்து திரும்ப எடுத்து, ஏறாவூரைத் தாண்டி, மயிலம்பாவெளி, தன்னாமுனை என்று ஒரு இடமும் பிசகாமல் டவுனில் கொண்டுபோய் நிறுத்தினார்.

கதவில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற நஸ்ரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னிடம் சொன்னாள்:

“பஸ் போய்ச் சேந்திட்டு அக்கா. நீங்க மட்டுந்தான் இன்னும் ரோட்டுல நிக்கிறீங்க.”

உப்பு

ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார். பாரிசவாதத்துக்குப் பிறகு தண்ணீர் குடித்தால் புரைக்கேறி நெஞ்சுக்குள் போய்விடும். பேச்சும் இல்லை. அவருடைய மகளிடம், எதைக் கொடுத்தாலும் கஞ்சிப் பதத்தில் தடிப்பாகக் கொடுக்கவேண்டும், தண்ணியாகக் கொடுக்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் வந்தார்கள். மகள் கையில் இருந்த டப்பாவைத் திறந்தால் புரியாணி. நான் ஆடிப்போனேன். “தண்ணியாக் குடுக்க வேணாம் எண்டுதானே மிஸ் சொன்ன? இதுல எங்க தண்ணி?” என்று அவள் டப்பாவைச் சரித்தே காட்டினாள்.

டப்பாவைப் பிடுங்கி மூடி வைத்துவிட்டு, நானே கஞ்சி கரைத்து, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கும் முறையைக் காட்டிக் கொடுத்தேன். ஹாஜியார் ஒரு கரண்டி வாங்கினார். இருமல் இல்லை. இன்னொரு கரண்டி. அதற்கும் இல்லை. மகள் “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். நான் பெருமையோடு நிமிர்ந்தேன். அப்போதுதான் ஹாஜியார், ஒரு மாதத்துக்கு மேலாகச் சத்தமே காட்டாத மனிதர், என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்:

“உப்புக் காணா, புள்ள.”

யாருக்குப் பேர்?

வளையில் தாவிய பெடியனை மறந்துவிடாதீர்கள். பிஸ்கட் டின்னைக் கைவிட்டு, அவனோடு நிலத்தில் உட்கார்ந்து சவர்க்கார நுரை முட்டை ஊதத் தொடங்கினேன். ஒன்று ஊதிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். காத்திருப்பதுதான் எங்கள் வேலையில் பாதி, அதுதான் யாருக்கும் வேலையாகத் தெரிவதில்லை. ஒருநாள் அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து “ஊது” என்றான். அடுத்த கிழமை “தா” வந்தது, அதற்குப் பிறகு “அம்மா” வந்தது.

தாய் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். ஊர்க் கோயிலில் நேர்த்தி வைத்து நிறைவேற்றிவிட்டாளாம். மாமி ஒருத்தி நாக்கில் வசம்பு தடவியிருக்கிறாள், அதனால்தான் கெதியாகப் பேச்சு வந்தது என்று ஊரே சொல்கிறதாம். நான் பொங்கலைச் சாப்பிட்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு மனம் கேட்கவில்லைபோல.

“மிஸ்ட விளையாட்டும் கொஞ்சம் உதவிதான். இல்லையெண்டு சொல்லக் கூடாது.”

சீனிப் போத்தல்

நஸ்ரினின் அறையில் ஒரு மூலை குசினி. அடுப்பு, கேத்தல், கோப்பைகள், டின்கள். கை வழங்கத் தொடங்கியவர்களுக்குத் தேநீர் போடுவதுதான் அவள் வைக்கும் சோதினை. அந்த நேரம் வீட்டுக்காரர் யாரும் உள்ளே நிற்கக்கூடாது. நின்றால் பாவம் பார்த்துப் பாதி வேலையை அவர்களே செய்துவிடுவார்கள். அன்றைக்குத் தம்பிராசா அண்ணனின் முறை. “இவரு தேத்தண்ணி போட்டத நான் என்ட கண்ணால கண்டதே இல்ல” என்று சொல்லிக்கொண்டே பரமேஸ்வரி அக்கா விறாந்தையில் போய் உட்கார்ந்தாள். நான் வேடிக்கை பார்க்க வாசலில் நின்றேன். பெயர் விசயத்தில் நான் மனம் விட்டுப் போயிருந்த காலம் அது.

இடது கையால் தண்ணீர் ஊற்றினார், சரி. தேயிலை போட்டார், கொஞ்சம் சிந்தியது, சரி. பிறகு சீனி. ஒரு டின்னைத் திறந்தார், உப்பு. மற்றதைத் திறந்தார், மா. எறும்புக்குப் பயந்து நஸ்ரின் சீனிப் போத்தலை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு மறந்துபோயிருந்தாள். அவள் வாயைத் திறக்கப் போக, நான் கையைக் காட்டி நிறுத்தினேன். தம்பிராசா அண்ணன் என்னைப் பார்த்தார், நஸ்ரினைப் பார்த்தார். இரண்டு பேரும் உதவாதவர்கள் என்று கண்டுகொண்டார். முகத்தில் கடுப்பு ஏறியது. கரண்டியோடு வாசல் பக்கம் கிறுகி, வாழைச்சேனையில் நின்று கூப்பிட்டால் கிரானில் கேட்கிற அந்தப் பழைய குரலில் கத்தினார்:

“இஞ்சேருகா! சீனி எங்க?”

“வாறன், வாறன்! கத்தாம இரிங்க!” விறாந்தையிலிருந்து உடனே பதில் வந்தது. செருப்புச் சத்தம் விறுவிறென்று கிட்ட வந்து, பாதி வழியில் நின்றுபோனது. பிறகு பரமேஸ்வரி அக்கா மெதுவாக வாசலுக்கு வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனுக்கு மட்டும் விசயம் விளங்கவில்லை. அவர் இன்னும் சீனிக்குத்தான் காத்துக்கொண்டு நின்றார். அவள் உள்ளே போய், அழுதுகொண்டு, சிரித்துக்கொண்டு, ஏற்கெனவே அவர் திறந்து பார்த்த உப்பு டின்னையே திரும்பத் திரும்பத் திறந்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நஸ்ரின் கதிரையில் ஏறிச் சீனியை இறக்கினாள். நான் சொல்லிக் கொடுத்துத் தோற்றுப்போன அந்தப் பிஸ்கட் டின் தந்திரத்தை எறும்பு செய்து முடித்திருந்தது.

தேநீர் குடித்து முடிந்த பிறகு, அக்காவைத் தனியே கூப்பிட்டு, அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று முதல் நாளே எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா, இத்தனை நாளும் பெயரை வைத்துக்கொண்டு அவரை வதைத்தேனே என்று கேட்டேன். அவள் வெட்கத்தோடு சொன்னாள்:

“மருந்தெண்டா கசக்கத்தானே செய்யும் எண்டு பேசாம இருந்தன் மிஸ். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து எனக்கு இஞ்சேருகாதான். பேர் சொல்லிக் கூப்பிட நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?”

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால், என் கணவரும் என் பெயரைச் சொல்வது என்மேல் கோபம் வந்தால் மட்டும்தான். நான்தான் பேச்சுச் சிகிச்சையாளர்.