லாங் ஐலண்டில் யூசுஃப் பாய் கையைத் தூக்கிய பாட்டு

வேலைநாள் காலையில் யூசுஃப் பாய் வீட்டு இரும்புக்கடையின் கதவு பாதி இறங்கியிருந்தது. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாய் மெயின்லேண்டிலிருந்து அந்தமானுக்குத் திரும்பிவிட்டார், கப்பலில் கொண்டுவந்த ஏதோ ஒரு ஸ்பீக்கரை உள்ளே பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஸ்பீக்கர் கையில் கிடைத்தால் அவர் அப்படித்தான் கதவை இறக்குவார், வாடிக்கையாளர் வந்து ஆணி கேட்டுவிடக் கூடாதே என்று. குனிந்து எட்டிப் பார்த்தேன். அவருடைய அத்தா மட்டும் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் தந்தி.

"யூசுஃப் மவுத்தாயிட்டான்மா" என்றார்.

மஞ்சள் காமாலை முற்றி, வைத்தியத்துக்காகப் போன மாதம் கப்பலேறியவர். அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். நாங்கள் போய் முகம் பார்க்கலாம் என்றால் அடுத்த கப்பலே துறைமுகத்துக்கு வந்து சேரவில்லை.

இந்தக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கிற உங்களில் பலர் எங்கள் 'அலைவரிசை' இசைக்குழுவைக் கேட்டிருப்பீர்கள். டிரம் என் அண்ணன் துரை. கிட்டார் சேகர். பாட்டு நான். நான்காவதாக மேடையின் இடது ஓரத்தில் ஒருவர் நிற்பாரே, அவர்தான் பாய். அவர் முகம் உங்களுக்குத் தெரியும், சத்தம் தெரியாது. அவர் வாசித்தது பேஸ் கிட்டார். நாலே கம்பி, ஒவ்வொன்றும் ஜெட்டித் துறையில் படகைக் கட்டிப்போடலாம் போல் தடிமன். ஆள் என்னைவிட வாயாடி. வாத்தியம்தான் பேசாத பேஸ்.

அந்தக் கம்பிகள் நம் ஊரில் கிடைக்காது. மெட்ராஸுக்கு எழுதிப்போட்டு, கப்பல் வந்து, கப்பலில் அது வந்ததா என்று பார்க்க வேண்டும். அதனால் பாய் பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைப்பார். விரல் அழுக்கும் உப்புக்காற்றின் பிசுக்கும் கரைந்து, கம்பி மறுபடி கணீரென்று பேசும் என்பார். ஒருநாள் நான் போனபோது அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி பாத்திமா அக்கா முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னக்கா வாசனை, ரசமா?" என்றேன்.

"ஆமா, கம்பி ரசம். உங்க பாய்க்கு மட்டும் ஊத்துறேன். அந்தச் சட்டியில இனிமே இந்த வீட்டுல சோறு வேகாது."

பாய் கரண்டியால் கம்பியைத் தூக்கி, காதோரம் சுண்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் வேகலை" என்றார். அக்காவே சிரித்துவிட்டார்கள்.

எதைக் கண்டாலும் அது எப்படிச் சத்தம் போடுகிறது என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. சாத்தம் ஜெட்டியிலிருந்து எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகில் எஞ்சின் இரைச்சலில் சுருதி சேர்க்க முடியாது இல்லையா? பாய் கிட்டாரின் கொம்பைத் தாடையில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் தட்டுவார். மரத்தின் அதிர்வு எலும்பு வழியாகவே காதுக்குப் போய்விடுமாம். ஒருநாள் எதிரே மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த தெலுங்கு அம்மா பயந்துபோய், "அரே, பாபு கிட்டார் கா ரஹா ஹை!" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். "சாப்பிடட்டும் விடுங்க ஆன்ட்டி, காலையில நாஷ்தா பண்ணலை" என்று நானும் இந்தியில் சொல்லிவைத்தேன். அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாய் கண்ணைத் திறக்காமல், "வாலு, நீயும் தாடையை வச்சுப் பாரு" என்றார். வைத்துப் பார்த்தேன். மண்டைக்குள் யாரோ பெரிய கதவை மெதுவாகச் சாத்துவது போலிருந்தது. அன்றுதான் அந்த வாத்தியத்தை முதல்முதலாக நான் கேட்டேன். அதுவரை ஒரு வருஷமாகப் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தேன்!

அன்று பாம்பூஃப்ளாட்டில் ஒரு கல்யாணம். மைக் செட்காரர் கொண்டுவந்தது தகரக் குழாய் ஸ்பீக்கர். என் பாட்டு அதில் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். கனத்த சுரம் அதற்குள் நுழையாது, நுழைந்தாலும் கொசுவாகத்தான் வெளியே வரும். பாய் வியர்க்க வியர்க்க வாசித்தார். நாலு பாட்டு முடிந்ததும் பெண்ணின் மாமா மேடைக்கு வந்து, அண்ணன் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அந்தத் தம்பி ஏங்க சும்மாவே நிக்குறாரு? பாவம், அவருக்கும் ஏதாவது வாசிக்கக் குடுங்க" என்றார்.

பாய் சிரித்தார். ஆனால் அண்ணன் அன்றே மனதுக்குள் முடிவு எடுத்துவிட்டார் போலிருக்கிறது.

அடுத்த கப்பலில் பாய்க்கு ஒரு காகித ஸ்பீக்கர் வந்தது. வட்டமாக, சாப்பாட்டுத் தட்டு அளவு. அதை வெறுமனே வைத்தால் முனகும், பெட்டிக்குள் வைத்தால்தான் உறுமும். அவர் ஒரு தேயிலைப் பெட்டியில் துளை போட்டுப் பொருத்தினார். என்னால் சும்மா இருக்க முடியுமா? மழைநாள் ஒன்றில் கொழுத்த தவளை ஒன்றைப் பிடித்து அந்தப் பெட்டிக்குள் விட்டுவிட்டேன். ஒத்திகைக்கு நடுவில் அது கத்தியது பாருங்கள், சேகர் கிட்டாரைப் போட்டுவிட்டு ஓடினான். அண்ணன் என் காதைப் பிடித்தார். பாய் மட்டும் பெட்டிமுன் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"துரை, விடுங்க அவளை. கொஞ்சம் சும்மா இருங்க எல்லாரும். இத்தூண்டு தவளைக்கு இவ்வளவு சத்தம் எப்படி வருது? பெட்டி குடுக்குது! அப்ப இன்னும் பெரிய பெட்டியா இருந்தா?"

அதிலிருந்து ஊரில் உள்ளே காலியாக இருந்த எதையும் அவர் விடவில்லை. எண்ணெய் டிரம், அரிசி டின், பாத்திமா அக்காவின் துணி பீரோ. எதற்குள்ளும் ஸ்பீக்கரோடு தலையையும் விட்டுப் பார்ப்பார்.

அப்படியிருக்கும்போதுதான் லாங் ஐலண்டிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே மரவேலைக்கு வந்த நம் ஆட்கள் பொங்கலுக்கு ஜெட்டி பக்கத்தில் மைதானத்தில் பாட்டு வைக்க ஆசைப்பட்டார்கள். போகும் படகிலேயே அண்ணன் பேச்சை எடுத்தார்.

"பாய், தப்பா நினைக்காதீங்க. அடுத்த மாசத்துலேர்ந்து ஆர்மோனியம் சேர்த்துக்கலாம்னு இருக்கேன். நாலு பேருக்கு மேல படகுல சாமானோட ஏத்த மாட்டேங்குறாங்க. உங்க வாத்தியம் கேக்கவே மாட்டேங்குது."

"யாருக்கு?"

"யாருக்குமே, பாய்."

பாய் கிட்டார் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு, "துரை, ஆறு நாள் கடையில ஆணியை நிறுத்துப் போடுறேன். ஏழாவது நாள் என்னை நிறுத்திப் போட்டுடாதீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கிட்டார் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்த ஒருநாளுக்காகத்தான் மனுஷன் மற்ற நாட்களைத் தள்ளுகிறார் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

என் வாய்தான் திறந்தது. "பார்த்துடலாமே. நடுப்பாட்டுல பாய் வாசிக்காம நிக்கட்டும். கேக்குறவங்கள்ல ஒருத்தராவது 'என்னடா ஆச்சு'ன்னு திரும்பிப் பார்த்தா பாய் இருக்காரு. யாரும் பார்க்கலைன்னா ஆர்மோனியப் பெட்டி."

"சரி" என்று அண்ணன் சொல்வதற்குள் பாய், "பலே!" என்று தொடையைத் தட்டினார். போகப்போவது அவருடைய இடம். ஆனால் கண்ணில் பளபளப்பு. "பாய், தோத்துட்டா?" என்று கேட்டேன். "தோத்தாலும் தெரிஞ்சுடும்ல?" என்றார்.

பெரிய பெட்டி எதையும் படகில் ஏற்ற விடவில்லை. கரையில் இறங்கியதும் பாய் கண்ணில் பட்டது மணலில் இழுத்துப் போட்டிருந்த ஒரு டோங்கி, இங்கே நாம் எல்லோரும் ஏறிப் போகிற அந்தச் சின்னத் துடுப்புப் படகு. அதன் வாயை ஒரு பிளைவுட் பலகையால் மூடி, பலகையில் துளை போட்டு ஸ்பீக்கரை வைத்து, இடுக்குகளில் சாக்கைத் திணித்தார். லாரி பேட்டரியில் ஆம்ப்ளிஃபயரை மாட்டி, கிட்டார் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். மணல் நடுங்கியது. டோங்கிக்குச் சொந்தக்காரரான பெங்காலித் தாத்தா ஓடிவந்து, "மேரா டோங்கி ரோ ரஹா ஹை!" என்று தலையில் கைவைத்தார்.

"அழலை தாதா, பாடுது" என்று நான் இந்தியில் சமாதானம் சொன்னேன். அவர் அதன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு எடுக்கவேயில்லை.

சாப்பாடு முடிந்து வெயில் இறங்கத் தொடங்கியதும் ஆரம்பித்தோம். மூன்றாவது பாட்டு, சரணம். பாய் இரண்டு கையையும் கம்பியிலிருந்து எடுத்து மேலே தூக்கினார். நான் பாடிக்கொண்டே கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு குழந்தை கரும்பு கடித்துக்கொண்டிருந்தது. ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் திரும்பவில்லை.

ஆனால் எனக்கு என்னமோ ஆனது. வரி முடிவதற்குள் மூச்சு முடிந்தது. சுரம் நழுவி எங்கோ போய் விழுந்தது. பக்கத்தில் அண்ணனின் டிரம் வேகம் பிடித்தது, மேட்டிலிருந்து பிரேக் இல்லாத வண்டி இறங்குகிற மாதிரி. சேகர் அதைத் துரத்தினான், நான் சேகரைத் துரத்தினேன். பாய் எங்களைப் பார்க்கவே இல்லை. கையைத் தூக்கியபடி கூட்டத்தையே ஆசையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பாய், கையை வைங்க! கையை வைங்க பாய்!"

அண்ணன்தான் கத்தினார். பக்கத்தில் என் மைக் இருப்பதை மறந்துவிட்டார். தகரக் குழாய் வழியே லாங் ஐலண்ட் முழுக்கக் கேட்டது. அப்போது கூட்டம் திரும்பிப் பார்த்தது, மொத்தமாக.

பாட்டு எப்படியோ கரை சேர்ந்தது. இறங்கியதும் பாய் அண்ணனிடம் கை நீட்டினார். "நான் தோத்துட்டேன், துரை. பார்த்தேன், ஒருத்தர்கூடத் திரும்பலை. உங்க சத்தத்துக்குத்தான் திரும்பினாங்க. பேச்சு பேச்சுதான்."

அண்ணன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. "கேக்குறவங்கள்ல ஒருத்தருன்னுதானே பேச்சு?" என்றார். "நான் கேட்டேன், பாய். இத்தனை நாளும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கேன். இன்னைக்குத்தான் தெரியுது." ஆர்மோனியப் பேச்சு அதோடு போயிற்று.

திரும்பும் படகில் பாய் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தார். "கூட்டம் என் சத்தத்து மேல நிக்கலை வாலு, நீங்க மூணு பேர்தான் நிக்கிறீங்க. நான் பாரு, மடையன் மாதிரி ஸ்பீக்கரைக் கூட்டத்துப் பக்கமே திருப்பி வச்சிருக்கேன்!"

அதற்குப் பிறகு எங்கள் மேடையில் அந்தப் பெட்டி உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது நினைவிருக்கலாம். ஏன் தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று சிலர் வந்து சொல்லியும் இருக்கிறீர்கள். "தப்பில்லீங்க, இது எங்களுக்கு" என்பார் பாய்.

அவர் போன பிறகு ஒரு நிகழ்ச்சி, முன்பே ஒப்புக்கொண்டது. மூன்று பேராகப் போனோம். அண்ணன் பழக்கத்தில் அந்தப் பெட்டியையும் தூக்கிவந்து எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். அதில் மாட்டக் கிட்டார் இல்லை. பாடினோம், நீங்கள் எப்போதும் போலக் கைதட்டினீர்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "இன்னைக்குத்தான் பிரமாதம்" என்றார். அண்ணன் டிரம்மின் வாரைக் கழற்றிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. எல்லாப் பாட்டையும் நாங்கள் ஓடியே முடித்திருந்தோம்.

மறுநாள் பாத்திமா அக்கா கிட்டாரைக் கொடுத்தனுப்பினார்கள். யாரும் தொடவில்லை. அண்ணன் வெளியே போனதும் நான் எடுத்து மடியில் வைத்தேன். இப்போதைக்கு ஒரு கம்பிதான் பழகியிருக்கிறது. விரல் நுனியெல்லாம் கொப்புளம். பாட்டுக்கு வேறு ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் நின்ற இடத்தை. மேடையின் இடது ஓரம், அண்ணனின் கால் தட்டுவது தெரிகிற இடம். நான் வாசிக்கத் தொடங்கியதும் வந்து கேளுங்கள். உங்களுக்கு ஒன்றும் கேட்காது. அண்ணனுக்குக் கேட்டால் போதும்.