அப்பாவின் இரண்டாம் தூக்கம்

அன்று காலை வீட்டில் நானும் அத்தையும்தான் இருந்தோம். அப்பா சூளையில் இருந்தார், அல்லது அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மா இறந்து ஒரு வருஷம் கடந்திருந்தது.

விருத்தாசலத்தில் ஊறுகாய் ஜாடி செய்யும் ஒரு சிறிய பீங்கான் பட்டறையில் அப்பாவுக்குச் சூளைக்கு விறகு போடுகிற வேலை. மூட்டிய தீயை ராத்திரி முழுக்கத் தணியவிடாமல் காத்து, காலையில் பகல் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வருவார். வந்து படுத்தால் முதல் தூக்கத்தில் மரக்கட்டைதான். மதியம் அத்தை சோற்றுக்கு எழுப்புவாள். தின்றுவிட்டு மறுபடி படுப்பார். அந்த இரண்டாம் தூக்கம் வேறு மாதிரி இருக்கும். மூடிய இமைக்குள் விழி உருளும், உதடு அசையும். சில நாள் சிரிப்பார். அத்தைக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. மங்கலம்பேட்டையில் ஓதித் தண்ணீர் தெளிக்கிறவரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலேயே எனக்கு எல்லாம் விளங்கும் என்று அப்பா நம்பினார். ஒருநாள் சோறு தின்னும்போது மெதுவாகச் சொன்னார்.

"கனவுல சூளைகிட்டதான் நிப்பேன். தீயப் பாக்குற ஓட்டையில குனிஞ்சா மூஞ்சில சூடு அடிக்கணும்ல? அடிக்காது. சரி, இது கனவுதான்னு தெரிஞ்சிரும். தெரிஞ்சாலும் முழிக்க மாட்டேன். விறகப் போட்டுட்டு நேரா வூட்டுக்கு வருவேன். உங்கம்மா இருப்பா."

அம்மா பேசுவாளா என்று கேட்டேன். ரேசன் அரிசியில் கல் கிடக்கிறதென்று திட்டினாளாம்.

அதற்குப் பிறகு அவர் தூக்கத்தையே வேறு விதமாக வைத்துக்கொண்டார். முழுசாகத் தூங்கினால் ஒன்றும் வருவதில்லை, பாதியில் எழுந்து மறுபடி படுத்தால்தான் வருகிறது என்று கண்டுபிடித்திருந்தார். மதியம்வரை விடாதே, முன்னதாகவே எழுப்பு என்று அத்தையிடம் சொன்னார். பிறகு இன்னும் முன்னதாக. சூளை மூட்டாத நாட்களிலும் அப்படியே. கண் குழிவிழுந்தது. "பொணம் மாதிரி ஆயிட்ட. நீயும் போய்ட்டா இவன எவன் பாப்பான்?" என்று அத்தை அழுதாள். அப்பா கேட்டுக்கொண்டார், ஆனால் மாறவில்லை.

முதலில் சொன்ன அந்த நாள், பகல் ஆள் கம்மாபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். ராத்திரி முழுக்க விழித்திருந்த அப்பாவே பகலையும் ஏற்றுக்கொண்டார். நான் வாசலில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் அவர் வந்தார். தலையையும் முகத்தையும் ஈரத்துண்டால் சுற்றி, கண்ணை மட்டும் விட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அவ்வளவு லேசாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. என் தலையைத் தடவிவிட்டு, "உங்கம்மா உள்ள இருக்காளா?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்து, "இருக்காங்களே" என்றேன்.

உள்ளே போனார். அடுப்பின் முன்னால் அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை திரும்பினாள்.

"என்னடா கோலம் இது? சூளைய யாருகிட்ட வுட்டுட்டு வந்த?"

அவர் முகத்துத் துண்டை மெல்ல அவிழ்த்தார். அடுப்பின் பக்கம் குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. தீயின் வெளிச்சம் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. "சூடு அடிக்குதுக்கா" என்றார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்பென்றால் சூடு அடிக்காமல் என்ன செய்யும் என்றாள்.

தூக்கம் கண்ணை இழுத்ததால் துண்டை நனைத்து முகத்தில் சுற்றியிருக்கிறார். சுற்றியதை மறந்து ஓட்டையில் குனிந்திருக்கிறார். சூடு தெரியவில்லை. கனவுதானே என்று, விறகு போடும் வாயைக்கூட மூடாமல் கிளம்பி வந்துவிட்டார்.

பட்டறைப் பையன் சைக்கிளில் வந்து கத்துவதற்குள் அப்பா ஓட ஆரம்பித்திருந்தார். போய்ப் பயனில்லை. திறந்து கிடந்த வாய் வழியே குளிர்காற்று புகுந்து, வெந்துகொண்டிருந்த ஜாடிகளெல்லாம் விரிசல் விட்டிருந்தன. முதலாளி அடிக்கவில்லை. பாதி நஷ்டத்தைத் தான் ஏற்றுக்கொள்வதாகவும், மீதி நானூற்று இருபது ரூபாயைக் கூலியில் பிடிப்பதாகவும் சொன்னார். அப்பாவைச் சூளையிலிருந்து எடுத்து, பகலில் மண் பிசைகிற வேலைக்குப் போட்டார்.

மண் பிசைந்தவர் ராத்திரி படுத்தால் விடியும்வரை அசைவதில்லை. கன்னத்தில் சதை பிடித்தது. விழி உருளவில்லை, உதடு அசையவில்லை. இப்போதுதான் தம்பி மனுசனாக இருக்கிறான் என்று அத்தை தெருவெல்லாம் சொன்னாள். காலையில் எழுந்ததும் அப்பா கொஞ்சநேரம் பாயிலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அலுப்பு என்று நினைத்தேன். அம்மா வந்தாளா என்று ஒருமுறை கேட்டதற்கு, "நல்லாத் தூங்கிட்டேன்டா" என்று மட்டும் சொன்னார். நல்ல சேதி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஒருவன், உங்கப்பன் சூளையை விட்டுட்டு வந்ததில் உங்களுக்கு மொத்தம் எவ்வளவு போச்சு என்று கேட்டான். விவரம் தெரிந்தவன்போல நான் உடனே சொன்னேன்: நானூற்று இருபது ரூபாய்.